ஏழாம் கூட்டுக்கு வந்த உயிர்த்த ஞாயிறு

ஓலைத்தொடுவாய், மன்னார்.
05.05.2025

அன்பின் றஞ்சி அக்காவுக்கு,

மரண அறிவித்தல்.

மன்னார் பஸ் நிலையத்துக் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், எனது காற்சட்டைப் பையை வதிவிடமாகவும் கொண்ட கைத்தொலைபேசி அவர்கள் கடந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் அலுமாரிக்குள் இறைவனடி சேர்ந்தார். அன்னார் சார்ஜரின் அன்புத் துணைவரும், இயர்போனின் பாசமிகு தந்தையும், டிலோஜனின் ஒரே ஆறுதலும் ஆவார். நல்லடக்கம் அம்மாவின் கூறைச்சீலைக்கு அடியில் நடைபெற்றது. இவ்வறிவித்தலை கண்டியிலுள்ள உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

நடந்தது பெரிய விசயமில்லை. கோயில் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். "நாளை தொடக்கம் காற்றாலைகள் மறுபக்கம் சுழலும். உடுப்புக் காயவிடும் கொடிகளை மேற்குப் பக்கம் மாற்றிக் கட்டவும்." கீழே காற்றாலையில் வேலை செய்கிற றெனால்ட் அண்ணையின் பெயர். நாலு வீட்டில் மாற்றிக் கட்டினார்கள். நாலாவது வீடு எங்கட வீடு.

அம்மா தீர்ப்புச் சொன்னா: "அக்காவோட கதைக்கோணுமெண்டா கடிதம் எழுது. எழுத்துப் பிழையாவது குறையும்." அதனால் இந்தப் பழங்கால ஏற்பாடு. நீங்கள் அம்மாவுக்கு ஃபோன் எடுக்கும்போது எனக்குத் தரமாட்டா, பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கத்தான் அனுமதி.

அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சோளகக் காற்று தொடங்கப் பார்க்கிறது. சாதாரணதரச் சோதனை முடித்த கையோடு உங்களிடம் வந்து நின்ற இரண்டு கிழமையும் நல்ல கிழமைகள். எலிகள் சுகமா? முக்கியமாக அந்த ஏழாம் கூட்டு, எட்டாம் கூட்டுக் கிழவர்கள்? சாப்பாடு பிடித்திருக்கிறதாமா?

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். கொடி மாற்றிய கதை என் சாதனைப் பட்டியலில் இரண்டாம் இடம்தான். முதலாம் இடம் பரம இரகசியம். இதுவரை ஒருவரும் பிடிக்கவில்லை, இனிப் பிடிக்கவும் மாட்டார்கள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படுங்கோ.

அன்புத் தம்பி,
டிலோஜன்


கண்டி.
16.05.2025

அன்புத் தம்பி டிலோவுக்கு,

உன் தொலைபேசியின் ஆத்மா சாந்தியடையட்டும். நான் சுகம். இங்கே விடாத மழை. நீ கொண்டுவந்த பாரைக் கருவாடு இன்னும் மிச்சம் இருக்கிறது. நான் பொரிக்கிற நாளில் மேல்வீட்டு அன்ரி யன்னலைப் பூட்டுகிறா.

எலிகளைப் பற்றி நீ இங்கே நின்றபோது கேட்டாய், அவசரத்தில் ஒழுங்காகச் சொல்லவில்லை. இந்த இனத்துக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனம். எலும்பில் இருக்கவேண்டிய கல்சியம் வழி தவறி இதயத்திலும் சிறுநீரகத்திலும் போய்ப் படியும். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலுக்குள் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுபோல. வயது போகப் போகப் படிவும் கூடும். சாப்பாட்டில் பொசுபரசு கூடி மகனீசியம் குறைந்தால் இன்னும் கூடும். வயது போன காலத்திலும் நல்ல சாப்பாடு காப்பாற்றுமா, அல்லது கடைசியில் வயதுதான் வெல்லுமா? அதுதான் என் ஆய்வு.

ஆறு கூட்டில் இளசுகள், ஆறு கூட்டில் ஒன்றரை வயதுக் கிழவர்கள். எலிக்கு ஒன்றரை வயதென்றால் எங்களுக்கு ஐம்பது தாண்டின மாதிரி. பால் மறந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரே சாப்பாடு. கூட்டில் மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு தொங்கினால் கெட்ட சாப்பாடு, நீலத் துண்டு தொங்கினால் நல்ல சாப்பாடு. எலி அறையைப் பார்க்கிற கனகரத்தினம் ஐயா நிறத்தைப் பார்த்துத்தான் தினமும் போடுவார். யூலை முதலாம் கிழமை வேலை முடியும். பிறகு வருசக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் விடுதலை.

அதென்ன, ஏழிலும் எட்டிலும் மட்டும் அப்படி ஒரு பாசம்?

அப்பாவைக் கடலில் தண்ணீர் குடிக்கச் சொல்லு. அம்மாவின் முழங்கால் எப்படி?

அன்பு அக்கா,
றஞ்சிதா


ஓலைத்தொடுவாய்.
28.05.2025

அன்பின் அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் என்னைத் துரத்துகிற அளவுக்குத் தேறிவிட்டது. அப்பா தண்ணீர் குடிக்கிறார், தேத்தண்ணீர் என்ற பெயரில். எல்லோரும் சுகம்.

உங்கள் கடிதத்தை ரியூசனில் விதுசனுக்கு விளங்கப்படுத்தினேன். அவன் திருக்கேதீஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன், வயல்காரப் பெடியன், எலி என்றாலே பொறி என்றுதான் அவனுக்குத் தெரியும். "உங்கட அக்கா எலியைச் சாகவிடாமல் பாக்கிறதுக்குப் படிக்கிறாவோ?" என்று வாயைப் பிளந்தான். எலியின் உடம்பில் கல் ஊறுவதால்தான் அக்கா படிக்கிற இடத்துக்குக் கல்லூரி என்று பெயர் என்றேன். நம்பிவிட்டான். நான் உங்கள் உதவி ஆராய்ச்சியாளர் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஓம் என்று சொல்லுங்கோ.

கிழவர்களுக்குப் பெயரும் வைத்துவிட்டேன். ஆண்கள் எல்லோரும் எலியாஸ், பெண்கள் எல்லோரும் எலிசபெத். ஞானஸ்நானத்துக்கு பாதரைக் கேட்கவேண்டும்.

மஞ்சள்தான் கெட்ட சாப்பாடு என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மணந்து பார்த்தால் மஞ்சள் கூட்டுச் சாப்பாடுதானே பால்மா மாதிரி மணக்கும்? நீலக் கூட்டுச் சாப்பாடு அடுப்புச் சாம்பல் மாதிரி. கெட்டது இப்படி மணக்கும் என்று யார் கண்டது.

சும்மா ஒரு அறிவுக் கேள்வி. ஒரு கிழவருக்கு இடையில் சாப்பாடு மாறிப்போனால் என்ன நடக்கும்? ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று வையுங்கோ. ஒன்றும் நடக்காதுதானே? சும்மாதான் கேட்கிறேன். சும்மா.

மழையில் நனையாதேங்கோ.

தம்பி,
டிலோஜன்


கண்டி.
10.06.2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம், வேலை கழுத்துவரை. உன் கேள்வி நல்ல கேள்வி. ஒரு கிழமை மாறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் என்றால், அதுவும் வயது போன உடம்பு என்றால், கட்டாயம் தெரியும். உன்னை மாதிரி ஆட்கள் இதை எனக்குச் சொல்லித்தந்திருந்தால் அதற்கும் ஒரு கூடு வைத்திருப்பேன். இனிக் காலம் போய்விட்டது.

கிழவர்கள் சுகம். ஏழாம் கூட்டு எலிசபெத் ஒருத்தி கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். வயது போனால் அப்படித்தான்.

மடுவுக்குப் போனால் எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்து. வீட்டில் எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்லு. பதில் போடு.

அக்கா


கண்டி.
21.07.2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு வரியும் இல்லை. சோதனை முடிவு வந்ததை அம்மா ஃபோனில் சொன்னா. ஏழு ஏ, இரண்டு பி! அம்மா அழுது அழுது சொன்னதில் எந்தப் பாடத்துக்கு பி என்று விளங்கவில்லை. எதற்கென்றாலும் சந்தோசம், என் குஞ்சு.

இங்கே எலி வேலை முடிந்துவிட்டது. முடிந்த சந்தோசம்தான் இல்லை. அம்மாவுக்குச் சொல்லாதே.

ஏழாம் கூட்டுக் கிழவர்கள் பிறந்ததிலிருந்து நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள். அவர்களின் இதயம் மெத்தென்று இருக்கவேண்டும். வெட்டும்போது கத்தி மணலில் இழுபடுவது போல நறநறத்தது. சுண்ணாம்பு. எட்டாம் கூட்டுக்குக் கெட்ட சாப்பாடு. அங்கே மற்ற மஞ்சள் கூடுகளைவிடக் குறைவு. மற்றப் பத்துக் கூடும் நினைத்தபடி இருக்கிறது. இந்த இரண்டும் தலைகீழ்.

பேராசிரியர் சொல்கிறா, இரண்டு கூட்டில் ஏதோ நடந்திருக்கிறது, என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று தெரியாவிட்டால் மற்றக் கூடுகளை எப்படி நம்புவது என்று. சரியான கேள்விதான். நிறத்துண்டுகளைப் பார்க்கலாம் என்றால் எல்லாவற்றையும் கழுவி ஒரே பெட்டியில் போட்டாயிற்று. காரணம் பிடிபடாவிட்டால் கிழவர் பகுதி முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும். கூடு செய்யலாம், சாப்பாடு செய்யலாம். கிழ எலியைச் செய்யமுடியாது, தம்பி. குட்டியைக் கூட்டில் விட்டுவிட்டு ஒன்றரை வருசம் காத்திருக்கவேண்டும். அதுவரைக்கும் என்னை இங்கே வைத்திருப்பார்களா என்றும் தெரியாது.

அறைக்குள் போய்வந்தது யார் யார் என்று எழுதித் தரச் சொன்னா. நானும் கனகரத்தினம் ஐயாவும் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

சரி, அதை விடு. நல்லாகச் சாப்பிடு. உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு எடுக்கப்போகிறாய்?

அக்கா


ஓலைத்தொடுவாய்.
02.08.2025

அன்பின் அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

காற்று பலம். அப்பா ஐந்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு கழுதை குட்டி போட்டிருக்கிறது. குட்டி சுகம். கழுதையும் சுகம். பி வந்தது வரலாறும் சங்கீதமும்.

கனகரத்தினம் ஐயா சுகமா? அவரை ஏதும் செய்வார்களா?

வேறு விசேசம் இல்லை.

டிலோஜன்


கண்டி.
09.08.2025

அன்புத் தம்பிக்கு,

இது நீ எழுதின கடிதமா? ஒரு பகிடிகூட இல்லை. கழுதை குட்டி போட்டதை நீ இப்படி ஒரு வரியில் விட்டதாகச் சரித்திரமே இல்லை. காய்ச்சல் ஏதுமா? அம்மாவைக் கேட்டேன், "ஒழுங்காச் சாப்பிடுறானில்லை, மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறான், ஃபோனைக் குடுப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றா.

கனகரத்தினம் ஐயாவை விசாரணை முடியும்வரை அந்த அறைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வெளியே பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார். அவர் பென்சன் எடுக்க இன்னும் ஒரு வருசம்தான். நேற்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நான் நிறத்தைப் பாத்துத்தான் போட்டனான். முப்பது வருசமா அப்பிடித்தான். ஆனா இப்ப என்ர கண்ணை எனக்கே நம்பேலாமக் கிடக்கு." தன்பாட்டில் கண் வைத்தியரிடம் போய்க் காட்டியிருக்கிறார். மஞ்சள் எது, நீலம் எது என்று அட்டை காட்டிக் கேட்டார்களாம். எல்லாம் சரியாகச் சொன்னாராம். அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

செப்டெம்பர் மூன்றாம் திகதி கூட்டம். அன்றைக்கு முடிவு சொல்வார்கள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஏதாவது என்றால் எழுது.

அக்கா


ஓலைத்தொடுவாய்.
14.08.2025

அக்கா,

நான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை. இதை வாசித்து முடிக்கும்வரை அம்மாவுக்கு ஃபோன் எடுக்காதேங்கோ.

நான்தான்.

உயிர்த்த ஞாயிறு அன்று பூசை முடிந்து, சாப்பிட்டு, எலிகளின் நிறை பார்க்கும் நாள் என்று என்னையும் எலி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பின்னேரம் மூன்று மணி. தட்டுகளைக் கழுவிக்கொண்டு வருகிறேன், ஒன்றிலும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் சுற்றிப் பார்த்தேன். ஏழாம் கூட்டில் சாம்பல் நிற உருண்டை. பக்கத்தில் எட்டாம் கூட்டில் பால்மா மணம். எனக்கு ஏழாம் கூட்டாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தவக்காலம் முழுக்க அம்மா எங்களுக்கு இறைச்சி காட்டவில்லை, நாற்பது நாள் பருப்பும் சோறும் என்று நானே நொந்துபோய் வந்திருந்தேன். அன்று மத்தியானம்தான் உங்கள் கோழிக்கறி. இதுகளுக்கோ பிறந்ததிலிருந்து தவக்காலம், உயிர்ப்பே இல்லை. எட்டாம் கூட்டாருக்கு ஒவ்வொரு நாளும் விருந்து. இன்றைக்கு ஏழுக்கும் உயிர்த்த ஞாயிறு வரட்டும், எட்டு கொஞ்சம் தபசு இருக்கட்டும் என்று நினைத்துத் துண்டு இரண்டையும் மாற்றிக் கொழுவினேன்.

அடுத்த நாள் நீங்கள் கண்டுபிடித்துச் சிரிப்பீர்கள், அல்லது காதைத் திருகுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கவனிக்கவில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன். பிடிபடவில்லை என்ற சந்தோசப் புழுகத்தில் அதைப் பெரிய வீரமாக வைத்திருந்தேன். அதுதான் அந்த முதலாம் இடம். மஞ்சள் கெட்டது என்று நீங்கள் வைகாசியில் எழுதின அன்றே சொல்லியிருந்தால் ஒரு மாதம்தான் பிழையாகப் போயிருக்கும். சொல்லவில்லை. உங்களிடம் கேள்வி கேட்டேன், நீங்கள் "தெரியும்" என்று எழுதினீர்கள், அதற்குப் பிறகு எழுதவே பயம்.

20.04.2025. பின்னேரம் மூன்று மணி. ஏழும் எட்டும் மட்டும். வேறு எந்தக் கூட்டையும் தொடவில்லை, அந்தோனியார் சத்தியமாக. கனகரத்தினம் ஐயாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. தொங்கின நிறத்துக்குத்தான் அவர் போட்டிருக்கிறார். தயவுசெய்து அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கோ.

நீங்கள் என்ன செய்தாலும் சரி. எனக்குக் கடிதம் போடாமல் மட்டும் இருக்காதேங்கோ.

டிலோஜன்


கண்டி.
04.09.2025

தம்பி டிலோவுக்கு,

நான் சுகம். பல நாளைக்குப் பிறகு மெய்யாகவே சுகம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னம். இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் உன் காதைப் பிடுங்கிக் கருவாட்டோடு சேர்த்துக் காயப்போடவேண்டும் போல இருந்தது. இரண்டாம் தரம் "பின்னேரம் மூன்று மணி" என்ற இடத்துக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. நான் ஒன்றரை மாதமாகத் தேடினது அந்த ஒரு நாளைத்தான்.

ஓடிப்போய்க் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு கூடும் எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு மிச்சம் என்று கனகரத்தினம் ஐயா தினமும் எழுதி வைத்திருக்கிறார். ஏப்ரல் இருபத்தொன்று தொடக்கம் ஏழாம் கூட்டார் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். எட்டாம் கூட்டார் மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவே மனமில்லாமல் இருந்திருக்கிறார்கள். மற்றப் பத்துக் கூட்டிலும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அப்படி ஒரு மாற்றமும் இல்லை. எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் கிடந்ததுதான். எந்தப் பக்கத்தைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

கொப்பியையும் உன் கடிதத்தையும் கொண்டு பேராசிரியரிடம் போனேன். போய் இன்னொன்றையும் சொன்னேன். வெளியாட்களை அந்த அறைக்குள் விடக்கூடாது. நான் விட்டேன். பிறகு ஒருவரும் வரவில்லை என்று பொய் எழுதிக் கொடுத்தேன். காரணம் தேடித் தலையை உடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் உன்னைக் கூட்டிப்போனது எனக்கு ஞாபகம் இருந்தது, தம்பி. சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று பயம். உன்மேல் சந்தேகம் வந்தாலும் அதை நினைக்கவே விடாமல் வைத்திருந்தேன். பழி அவர்மேல் போவதைப் பார்த்துக்கொண்டு பூக்கன்றுக்குப் பக்கத்தில் நின்று அவரோடு கதைத்திருக்கிறேன்.

நல்ல ஏச்சு விழுந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அறைத் திறப்பையும் ஒரு மாதத்துக்கு வாங்கிவிட்டா. ஆனால் நேற்றுக் கூட்டத்தில் முடிவு: பத்துக் கூடும் நிற்கும். ஏழையும் எட்டையும் கணக்கில் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கவேண்டும். திரும்பச் செய்யத் தேவையில்லை. கேட்டதா? தேவையில்லை! இளசுகளைவிடக் கிழவர்களுக்குப் படிவு கூடத்தான், ஆனாலும் நல்ல சாப்பாட்டுக் கிழவர்கள் கெட்ட சாப்பாட்டுக் கிழவர்களைவிட எவ்வளவோ மேல். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கனகரத்தினம் ஐயாவிடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்ட வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப கண்ணாடி தேவையில்லையோ பிள்ளை? நான் ஓடர் குடுத்திட்டனே" என்றார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். இன்று காலை அவர் திரும்ப அறைக்குள். நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும்.

ஒன்று விளங்கவில்லை. பதினாலாம் திகதி எழுதின கடிதத்தில் இருபத்தெட்டாம் திகதி முத்திரை. நடுவில் இரண்டு கிழமை எங்கே நின்றது? எங்கே நின்றாலும், ஒருவரும் கேட்காமல் நீயாக எழுதி நீயாக அனுப்பினாய். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை, உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் வாய் திறந்தது. அதற்காக மட்டும் உன்னை மன்னிக்கிறேன்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அது உன் பாடு.

அன்பு அக்கா,
றஞ்சிதா


ஓலைத்தொடுவாய்.
12.09.2025

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தரம் எழுதினால்தான் நெஞ்சு ஆறுகிறது. தேவையில்லை என்ற அந்தச் சொல்லை விதுசனுக்கு வாசித்துக் காட்டினேன். "டேய், நீ எழுதினபடியாத்தானே அக்கா தப்பினவா" என்றான். ஓம் என்றேன். துணிவு என்பது பிறவியில் வருவது, கல்சியம் மாதிரி, சிலருக்கு இதயத்திலேயே படிந்திருக்கும் என்றும் சொன்னேன். ரியூசனில் எல்லோரும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு முழு நாள் அப்படியே திரிந்தேன்.

அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். விளக்குமாறு முறியவில்லை. தொலைபேசி உயிர்த்தெழுவது அடுத்த வருசம்வரை பின்போடப்பட்டிருக்கிறது.

இப்போது முத்திரை விசயம். தபால் கந்தோரில் வேலை கூட, சோளகத்தில் பஸ் பிந்தியது, மடுத் திருவிழாக் கூட்டம் என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் நல்ல காரணங்கள். எழுதி, கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தபோது வாசலில் நின்று உடைத்தேன். "உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது" என்ற வரியோடு வாசல்படியிலேயே இருந்துவிட்டேன். ஏனென்றால், அக்கா, நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.

எழுதினது நான்தான். முத்திரை ஒட்டி, விலாசம் எழுதி, தபால் கந்தோர்வரைக்கும் இரண்டு நாள் போனேன். இரண்டு நாளும் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு வீட்டில் நாங்கள் கும்பிடுகிற அந்தோனியார் சுருவத்துக்குக் கீழே வைத்துவிட்டு, நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் திகதி நெருங்க நெருங்க சுருவம் இருந்த பக்கமே போகவில்லை. செபத்துக்கும் பின்வரிசையில் இருந்தேன்.

அப்பா அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "அந்தக் கடிதமோ? அந்தோனியாருக்குக் கீழ கிடந்தது. முத்திரையும் ஒட்டிக் கிடந்தபடியா நீ மறந்துபோனாயெண்டு நினைச்சு, டவுனுக்கு நண்டு குடுக்கப்போன நேரம் பெட்டியில போட்டுட்டன். ஏன் தம்பி, போடக்கூடாததோ?"

"இல்லையப்பா, போடவேண்டியதுதான்" என்றேன். அவர் திரும்ப வலைமேல் குனிந்துகொண்டார்.

அவர் போடாவிட்டால் கூட்டத்துக்கு முதல் நான் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்று எழுதத்தான் கை வருகிறது. தெரியாது, அக்கா. உண்மையில் தெரியாது. நீங்கள் என்னை மன்னிக்கக் காரணமான அந்தத் துணிவு அப்பாவுடையது, அதுவும் அவருக்குத் தெரியாமல். மன்னிப்பைத் திருப்பி எடுப்பதென்றால் எடுங்கோ, கொஞ்சம் மிச்சம் விட்டு.

கனகரத்தினம் ஐயாவுக்கு எழுதின கடிதத்தையும் இதற்குள் வைத்திருக்கிறேன். இரண்டையும் நாளைக்கு நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவேன்.

அப்பாவும் கூட வருகிறார். நான்தான் வரச் சொன்னேன்.

தம்பி,
டிலோஜன்